தோட்ட டிராக்டரும் எண்ணெயின் பலமும்

நம் நாட்டில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனமுள்ள பூமி என்று பொருள். வாழை, மஞ்சள், கரும்பு, மிளகாய் முதலிய பணப்பயிர்கள் விளையும் நிலத்தையே நாம் அப்பெயரால் அழைக்கிறோம். அமெரிக்க தேசத்திலோ அச்சொல் வீட்டைச் சுற்றிலுமுள்ள புல்தரையையும், பூச்செடிகளையும், காய்கறிப் பாத்திகளையும் குறிப்பதாகும். அந்தத் தோட்டத்தை உத்தேசித்தே அங்கே ‘கார்டன் டிராக்டர்’ என்னும் சிறு இயந்திரம் செய்யப்பட்டது. 1961-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியார் வெளியிட்ட ‘கப் கேடட்’ என்பதும், 1963-ல் ஜான் டியர் கம்பெனியார் வெளியிட்ட ‘110’ என்பதும் இவ்வினத்தில் பேர்பெற்றவை. முதலில் வந்தபோது இரண்டும் 7 குதிரைசக்தி உடையனவாயிருந்தன. புல் வெட்டவும், பனியைத் தள்ளவும், சிறு இழுவை வண்டியை இழுக்கவும் ஏற்பட்டவை. பெயர் ஒன்றாயிருப்பது பற்றி, அவற்றின் குணங்களெல்லாம் நம் தோட்டத்துக்கும் அப்படியே பொருந்துமென்று கொள்வது சரியன்று.

ஆயினும் அச்சிறு டிராக்டர்களில் 1960-க்குப் பிற்பட்ட பத்தாண்டுகளில் வந்து சேர்ந்த இரண்டு விசேஷங்கள் நம் கவனத்துக்கு உரியவை. ஒன்று, கருவியை எண்ணெயின் பலத்தால் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிப்ட். மற்றொன்று, கியர் மாற்றும் வேலையின்றி, எண்ணெயின் பலத்தாலேயே சக்கரத்தைச் சுழற்றும் ஹைட்ரோஸ்டாட்டிக் இயக்கம். 1968-ல் வந்த ஜான் டியர் ‘140’ என்னும் தோட்ட டிராக்டரில் இரண்டும் சேர்ந்தே அமைந்திருந்தன. இப்பொழுது நம் கிராமங்களில் ‘மினி டிராக்டர்’ என்று வழங்கும் 15 முதல் 25 குதிரைசக்தி வரையுள்ள வண்டிகளில் ஹைட்ராலிக் லிப்ட் சாதாரணமாகிவிட்டது. ஹைட்ரோஸ்டாட்டிக் இயக்கமோ இவற்றுள் அபூர்வம், கியர்ப்பெட்டியே பெருவழக்கு. ஆனால் கைப்பேசியில் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்த வாலிபர்கள், செயல்விளக்கத்துக்குப் போகும் இடங்களிலெல்லாம், “ஐயா, கிளச்சும் கியரும் இல்லாத டிராக்டர் இருக்கிறதாமே, அதை வாங்கலாமா?” என்று கேட்கிறார்கள். பெரியவர்களும் பின்னால் நின்று பதிலை எதிர்பார்க்கிறார்கள்.

இதைப்பற்றி எனது அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். ஹைட்ராலிக் லிப்ட் தோட்டமுள்ள ஒவ்வொருவருக்கும் அவசியமானது. அதில் சிக்கனம் பார்ப்பதற்கு இல்லை. ஹைட்ரோஸ்டாட்டிக் இயக்கம் சில வேலைகளுக்கு மிக உத்தமம், உழவுக்கு வீண்செலவு. இவ்விரண்டில் எதுவாயினும், எண்ணெயைச் சுத்தமாக வைக்கும் வழக்கம் இல்லாதவர் வீட்டில் நிலைக்காது. இவ்வாறு நான் கூறுவதற்கு ஆதாரம், இவை வேலை செய்யும் விதத்திலேயே அடங்கியிருக்கிறது.

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அமுக்கம் கொடுத்தால், அவ்வமுக்கம் சிறிதும் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பது பிரான்சு தேசத்து அறிஞர் பாஸ்கால் 17-ஆம் நூற்றாண்டில் கண்ட விதி. 1795-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர் இவ்விதியைக்கொண்டு நீர் அமுக்க இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். செயல்விளக்கத்தில் இதைக் காட்டுவதற்கு நான் கொண்டுபோகும் சாமான் இரண்டு சிரிஞ்சுகளே: ஒன்று 5 மில்லி, மற்றது 50 மில்லி. இரண்டையும் ஒரு ரப்பர்க் குழாயால் இணைத்து, உள்ளே எண்ணெய் நிரப்பி, சிறியதை ஒரு பையனிடமும் பெரியதை ஊரில் பலசாலி என்று பேர்வாங்கிய ஒருவரிடமும் கொடுத்து, எதிரெதிரே அழுத்தச் சொன்னால், பையனே ஜெயிக்கிறான். பெரிய சிரிஞ்சின் வாய்ப்பரப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆகையால் பையனின் பலமும் அங்கே ஐந்து மடங்காகிறது. ஆனால் அவன் விரல் ஓரங்குலம் நகர்ந்தால், எதிரே நகர்வது அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். பலத்தில் பெற்றதைத் தூரத்தில் கொடுத்துத் தீரவேண்டும்.

டிராக்டரின் லிப்டில் பையனுடைய வேலையை ஒரு பம்பு செய்கிறது. என்ஜினால் சுழலும் இரண்டு பல்சக்கரங்கள் எண்ணெயை வாரி ஒரு குழாயில் தள்ளுகின்றன. வேலையில்லாதபோது அவ்வெண்ணெய் வால்வின் வழியே தொட்டிக்கே திரும்பி விடுகிறது. நாம் நெம்புகோலை உயர்த்தினால் திரும்பும் வழி அடைபட்டு, எண்ணெய் சிலிண்டருக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் கைகளைத் தூக்குகிறது. 5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 20 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அமுக்கம் இருந்தால் அந்தச் சிறு பிஸ்டன் 1,400 கிலோ பலத்துடன் தள்ளும். பம்பு நிமிஷத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால், 10 சென்டிமீட்டர் நகர்வதற்கு ஒரு வினாடிக்குச் சற்று அதிகமாகும். இக்கணக்கை விவசாயிகள் மனத்தில் வைத்திருப்பது பிரயோஜனமுள்ளது. பலம் அமுக்கத்தைப் பொறுத்தது. வேகம் எண்ணெயின் அளவைப் பொறுத்தது. வெறும் கையையே மெதுவாகத் தூக்குகிறதென்றால் எண்ணெய் குறைந்திருக்கிறது, அல்லது பில்டர் அடைத்திருக்கிறது, அல்லது பம்பு தேய்ந்திருக்கிறது. வெறும் கையை விரைவாகத் தூக்கி, பாரம் மாட்டியவுடன் நின்றுவிடுகிறதென்றால், அமுக்கம் எங்கோ கசிகிறது. இவ்வளவு தெரிந்த ஒருவரைப் பட்டறைக்காரர் எளிதில் ஏமாற்ற முடியாது.

அளவுக்கு மீறிய பாரம் வரும்போது எண்ணெயை வழிந்தோடச் செய்யும் ஒரு காப்பு வால்வும் இதில் உண்டு. அதன் திருகை முறுக்கி அமுக்கத்தைக் கூட்டினால் பெரிய கருவியையும் தூக்கலாமென்று சில பட்டறைகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். குழாய் வெடிப்பதும், வார்ப்பு இரும்பாலான பெட்டி விரிவதும் இதன் பலன். அத்துடன், கம்பெனியார் எழுதியுள்ள தூக்கும் பாரம் எந்த இடத்தில் அளந்தது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். இணைப்புக் கைகளின் நுனியில் தூக்கும் பாரம் வேறு. அதற்கு இரண்டடி பின்னே கருவியின் நடுப்பாகத்தில் தூக்கக்கூடிய பாரம் வேறு. பின்பக்கம் நீண்டிருக்கும் ரோட்டவேட்டர் எடையில் குறைவாயிருந்தும் முன்சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்துவதற்கு இதுவே காரணம்.

லிப்ட் என்பது தூக்குவதற்கு மாத்திரம் ஏற்பட்டதென்று பலர் நினைக்கிறார்கள். அதன் பெருமை தூக்குவதைவிடத் தாங்குவதில் இருக்கிறது. இதைக் கண்டவர் அயர்லாந்தில் 1884-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஹாரி பெர்குசன். அவர் காலத்து டிராக்டர்கள் கலப்பையை மாடு இழுப்பதுபோல் பின்னால் சங்கிலியிட்டு இழுத்தன. கொழு ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் சக்கரம் நகராது. டிராக்டரின் முன்பக்கமே மேலெழுந்து ஓட்டுபவர்மேல் கவிழ்ந்துவிடும். பெர்குசன் கலப்பையை மூன்று கைகளால் டிராக்டருடன் ஓருடலாகச் சேர்த்தார். 1925-ல் அவர் விண்ணப்பித்த உரிமைப் பத்திரத்தின் சாரம் இதுவே. கொழு கடினமான மண்ணில் இறங்கும்போது மேல்கை, அதாவது நாம் டாப் லிங்க் என்பது, முன்னோக்கி அமுக்கப்படுகிறது. அவ்வமுக்கமே வால்வை அசைத்து, எண்ணெயைச் செலுத்தி, கலப்பையைச் சற்றே தூக்குகிறது. மண் இளகியவுடன் கலப்பை தானே இறங்குகிறது. கலப்பையின் பாரமும் மண்ணின் பாரமும் பின்சக்கரங்களின்மேல் விழுவதால் அவை வழுக்காமல் பிடிக்கின்றன. ஆகவே எடை குறைந்த டிராக்டரும் கனத்த டிராக்டரின் வேலையைச் செய்ய முடிந்தது. 1939-ல் ஹென்றி போர்டுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட டிராக்டரும், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் காவன்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்குமேல் செய்யப்பட்ட ‘டி.இ. 20’ டிராக்டரும் இம்முறையை உலகமெங்கும் பரப்பின. 1953-ல் அவருடைய கம்பெனி மாசி-ஹாரிஸ் கம்பெனியுடன் கலந்தது. மாசி பெர்குசன் கம்பெனியின் கூட்டுறவுடன் 1960-ல் சென்னையில் டாபே கம்பெனி ஏற்பட்டது. நம் ஊர்த் தெருவில் ஓடும் டிராக்டர்களின் பின்புறத்தில் தெரியும் அந்த மூன்று கைகளின் பூர்வோத்தரம் இதுதான்.

இவ்வளவு சூட்சுமமான சாதனம் இருந்தும் நம் டிரைவர்களில் அநேகர் அதை ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் மட்டுமே உபயோகிக்கிறார்கள். இரண்டு நெம்புகோல் உள்ள வண்டிகளில் ஒன்று கருவியின் உயரத்தை நிறுத்துவது. மற்றது மண்ணின் இழுப்பை அறிந்து ஆழத்தைத் திருத்துவது. கொத்துக் கலப்பையையும் சட்டிக் கலப்பையையும் இரண்டாவதால் ஓட்ட வேண்டும். ரோட்டவேட்டரை முதலாவதால் ஓட்ட வேண்டும். இரண்டாவது நெம்புகோலில் வண்ணம்கூட அழியாத ஐந்து வருஷத்து டிராக்டர்களை நான் கண்டிருக்கிறேன். டீசல் விலையைப்பற்றி மிகவும் குறைப்படுகிறவர்களும் அவ்வண்டிகளின் சொந்தக்காரர்களே. இன்னொன்றையும் இங்கே எச்சரிக்கிறேன். தென்னங்கட்டையைப் பிடுங்குவதற்குச் சங்கிலியை டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டக்கூடாது. பின் அச்சுக்கு மேலான எந்த இடத்தில் கட்டி இழுத்தாலும் டிராக்டர் பின்புறமாகக் கவிழும். பெர்குசன் எந்த ஆபத்தை நீக்குவதற்குப் பாடுபட்டாரோ அதே ஆபத்தை நாமே சங்கிலி போட்டு அழைத்துக்கொள்வது போலாகும். கட்டுவதற்குரிய இடம் அச்சுக்குக் கீழேயுள்ள இழுவைக் கொக்கி ஒன்றே.

இனி ஹைட்ரோஸ்டாட்டிக் இயக்கத்தைப் பார்ப்போம். குயவன் சக்கரம்போல் சுழலும் ஓர் உருண்டை இரும்புக் கட்டையை மனத்தில் கொள்ளுங்கள். அதில் வட்டமாக ஏழு அல்லது ஒன்பது துளைகள். துளைக்கு ஒரு சிறு பிஸ்டன். பிஸ்டன்களின் தலைகள் எதிரேயுள்ள ஒரு தட்டின்மேல் வழுக்கிக்கொண்டே சுற்றி வருகின்றன. தட்டு நேராக நின்றால், கட்டை எவ்வளவு சுழன்றாலும் பிஸ்டன்கள் உள்ளே போவதும் இல்லை, வெளியே வருவதும் இல்லை, எண்ணெய் அசையாது, வண்டி நிற்கும். தட்டைச் சாய்த்தால், சுற்றிவரும் ஒவ்வொரு பிஸ்டனும் மேட்டில் ஏறும்போது உள்ளே போய் எண்ணெயைத் தள்ளுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது வெளியே வந்து எண்ணெயை இழுக்கிறது. சாய்வு அதிகமானால் எண்ணெயும் அதிகம். தட்டை எதிர்ப்பக்கம் சாய்த்தால் எண்ணெய் எதிர்த்திசையில் ஓடும். இப்பம்பிலிருந்து ஓடும் எண்ணெய், இதே தினுசில் ஆனால் சாய்வு மாறாத தட்டுடன் செய்யப்பட்ட மோட்டாருக்குள் புகுந்து அதைச் சுழற்றுகிறது. மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. எண்ணெய் பம்புக்கே திரும்புகிறது. வழியில் கசிந்து குறையும் எண்ணெயை ஈடுசெய்ய ஒரு சிறிய துணைப்பம்பும் உண்டு. ஓட்டுபவர் காலாலோ கையாலோ செய்யும் வேலை அந்தத் தட்டைச் சாய்ப்பது ஒன்றே. என்ஜின் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, வண்டி ஆமை நடையிலிருந்து முழு வேகம் வரையிலும், முன்னுக்கும் பின்னுக்கும், கிளச்சு மிதியாமலே செல்லும்.

இம்முறை புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்க்கப்பல்களின் பீரங்கி மேடைகளைத் திருப்புவதற்கு இது உபயோகமாயிற்று. 1967-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியார் ‘656’ என்னும் பெரிய டிராக்டரிலும் இதை அமைத்து விற்றார்கள். ஆயினும் பெரிய உழவு டிராக்டர்களில் இது வேரூன்றவில்லை. தோட்ட டிராக்டர்களிலும், அறுவடை இயந்திரங்களிலும், மண் வாரும் வண்டிகளிலுமே நிலைத்தது. இதற்குக் காரணம் உண்டு. அதைச் சற்றுப் பிறகு சொல்லுகிறேன். நம் டெல்டா ஜில்லாக்களில் உள்ளவர்களுக்கும் இது முற்றிலும் அந்நியமானதன்று. சேற்றில் இறங்கி நெல் அறுக்கும் பெல்ட் வண்டிகளில் பல இவ்வியக்கம் உடையவையே. டிரைவர் ஒரே நெம்புகோலை முன்னே தள்ளினால் வண்டி போவதையும், பின்னே இழுத்தால் அதே க்ஷணத்தில் பின்வாங்குவதையும் வரப்பில் நின்று எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கிளச்சு மிதித்து, கியர் மாற்றி, மறுபடியும் கிளச்சை விடுவதற்குள் சாய்ந்த பயிரில் எவ்வளவு நாசமாகும் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

சரி, இவ்வளவு சௌகரியமான இயக்கத்தை உழவுக்கு வேண்டாமென்று ஏன் சொல்லுகிறேன்? நல்ல கியர்ப்பெட்டியின் வழியாக என்ஜினின் பலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சக்கரத்தை அடைகிறது. ஹைட்ரோஸ்டாட்டிக் முறையிலோ நூற்றுக்கு எழுபது முதல் எண்பது வரைதான் அடைகிறது. 20 குதிரைசக்தி என்ஜின் முழுப் பலத்துடன் உழும்போது கியர் வண்டியில் 18 குதிரைசக்தி மண்ணுக்குப் போகிறது. மற்றதில் 15 என்று வைத்துக்கொள்வோம். இடையில் போன 3 குதிரைசக்தியும் எண்ணெயைச் சூடாக்குகிறது. வீட்டில் வெந்நீர் போடும் ஆயிரம் வாட் மின்சாரக் கம்பிகள் இரண்டை எண்ணெய்த் தொட்டிக்குள் நாள்முழுவதும் போட்டுவைப்பதற்கு இது சமானம். சித்திரை வெயிலில் இது எங்கே போய் நிற்குமென்று சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் சூடேறினால் நீர்த்துப்போகும். நீர்த்தால் பிஸ்டன்களின் ஓரத்தில் கசிவு கூடும். கசிவு கூடினால் சூடு மேலும் ஏறும். காலையில் சுகமாக ஓடிய வண்டி மதியத்தில் மேடேற மறுப்பது இதனால்தான். கேஜ் வீல் போட்டுச் சேறடிப்பதும், கரும்பு ஏற்றிய டிரெயிலரை மைல்கணக்கில் ஆலைக்கு இழுப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்த வேலைகளே. இவற்றுக்குக் கியர் வண்டிக்கு நிகரில்லை.

ஆனால் இன்னொரு வகை வேலை உண்டு. அதில் என்ஜினின் பலம் சக்கரத்துக்குப் போவதில்லை, பி.டி.ஓ. தண்டின் வழியே நேராகக் கருவிக்குப் போகிறது. ரோட்டவேட்டர், புல் வெட்டும் கருவி, மருந்து தெளிக்கும் பம்பு ஆகியவை அத்தகையன. 20 குதிரைசக்தியில் 15 கருவிக்குப் போய், வண்டியை நகர்த்த 3 போதுமென்றால், எண்ணெயில் வீணாவது அந்த மூன்றின் ஒரு பகுதியே. ஒரு குதிரைசக்திகூட ஆகாது. இதற்கு ஈடாகக் கிடைக்கும் அனுகூலமோ பெரிது. களை அடர்ந்த இடத்தில் தண்டின் சுழற்சி குறையாமலே வண்டியின் நடையைக் குறைக்கலாம். மருந்தின் அமுக்கம் மாறாமல், மரத்தின் பருமனுக்குத் தக்கபடி மெதுவாகவோ விரைவாகவோ செல்லலாம். ஆறடி இடைவெளியில் நட்ட வாழையில், வரிசையின் கடைசியில் முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை அசைந்து திரும்ப வேண்டியிருக்கும் இடத்தில், கிளச்சுத் தட்டு கருகுவதில்லை, கன்று முறிவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களுக்கும், 25 அடி இடைவெளியுள்ள தென்னந்தோப்பில் புல் வெட்டுவதற்கும், எருக்குழியிலிருந்து முன்வாரியால் எரு அள்ளுவதற்கும் இதையே சொல்லலாம். ஆகவே வருஷத்தில் உங்கள் வண்டி ஓடும் மணிகளை முதலில் கணக்கிடுங்கள். பாதிக்குமேல் இழுவை வேலையானால் கியர். பெரும்பகுதி தண்டு வேலையும், திரும்பித் திரும்பி அசையும் வேலையுமானால், ஹைட்ரோஸ்டாட்டிக்குக்குக் கொடுக்கும் அதிக விலை திரும்பி வரும். ரிப்பேர் விஷயத்தையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். உடைந்த பல்சக்கரத்தைத் தாலுகா நகரத்துப் பட்டறையில் மாற்றிவிடலாம். கீறல் விழுந்த பிஸ்டன் கட்டையை உள்ளூரில் யாராலும் செப்பனிட முடியாது. அடுத்த ஜில்லாவிலிருந்தாவது உதிரிப்பாகமும் ஆளும் ஒரு வாரத்துக்குள் வருவதற்கு விற்பவர் எழுத்தில் உறுதி தராவிட்டால், எவ்வளவு நல்ல வண்டியானாலும் வேண்டாம் என்பேன்.

எண்ணெயைப்பற்றி இனிச் சொல்வதே என் மனத்தில் முக்கியமானது. மனிதனின் தலைமயிர் சுமார் 70 மைக்ரான் பருமன் உள்ளது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய தூசு 40 மைக்ரான். இப்பம்புகளின் உள்ளே உரசும் பாகங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியோ 20 மைக்ரானுக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத மணல்தான் இவற்றை அறுக்கிறது என்பது இதனால் தெளிவாகும். “எண்ணெய் பார்க்கச் சுத்தமாய்த்தானே இருக்கிறது?” என்பது விவாதமாகாது. பம்புசெட்டுக்கு டீசல் அளந்த கேனில் ஹைட்ராலிக் எண்ணெயை வாங்குவதும், மூடியைச் சுற்றியுள்ள புழுதியைத் துடைக்காமல் திறப்பதும், துடைத்தாலும் நூல் உதிரும் பனியன் வேஸ்ட்டால் துடைப்பதும் நான் ஒவ்வொரு ஊரிலும் காண்பவை. சென்ற வருஷம் ஒரு கிராமத்தில் வாடகைக்கு ஓடிய டிராக்டர் ஒன்று, நடவுப் பருவத்தின் நடுவே லிப்ட் தூக்காமல் நின்றுவிட்டது. அடித்திருகைக் கழற்றினால் மோர்போல் வெளுத்த எண்ணெய் வந்தது. சேறடிக்கும்போது தேய்ந்த சீல் வழியாக நீர் புகுந்திருக்கிறது. குறைந்த அளவுக்கு என்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். பம்புக்கும் கூலிக்கும் ஆன செலவைவிட, அப்பதினைந்து நாள் வேலையை இழந்ததும், அவரை நம்பி நாற்று விட்டிருந்தவர்கள் நாற்று முற்றித் தவித்ததுமே பெரிய நஷ்டம்.

சேற்றில் இறங்கிய வண்டியின் எண்ணெயைச் சோதிப்பதற்கு ஆய்வுச்சாலை வேண்டாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் பிடித்து இரவு முழுவதும் வைத்தால் நீர் அடியில் தங்கும், அல்லது எண்ணெய் கலங்கியே இருக்கும். சந்தேகமிருந்தால் சூடான இரும்புத் தகட்டில் எட்ட நின்று ஒரு துளி விடுங்கள். நீர் கலந்திருந்தால் படபடவென்று வெடிக்கும். கருகிய வாசனை அடித்தால் சூட்டால் கெட்டது. நம் டிராக்டர்கள் பலவற்றில் கியருக்கும் லிப்டுக்கும் ஒரே தொட்டி ஆகையால், பல்சக்கரம் தேய்ந்த இரும்புத் தூளும் அதிலேயே சேரும். காந்தமுள்ள அடித்திருகில் மாவுபோல் ஒட்டியிருந்தால் சாதாரணம். துணுக்காக இருந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். எந்த எண்ணெய் என்பதைக் கம்பெனியாரின் புத்தகம் தீர்மானிக்கட்டும். கடைக்காரர் தீர்மானிக்க வேண்டாம். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிக்கு வேறு தினுசு எண்ணெய் ஊற்றினால் பிரேக்கும் சேர்ந்து கெடும். புது வண்டிக்கு முதலாவது எண்ணெய் மாற்றத்தைக் கம்பெனியார் வெகு சீக்கிரமாகவே குறித்திருப்பதை வீண்செலவு என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. உரசி உரசிப் பொருந்தும் புதுப் பாகங்கள் அதிகத் தூளை உதிர்ப்பது அந்த முதற் காலத்தில்தான்.

உயிருக்கு ஆபத்தான விஷயங்களையும் கூறாமல் விடுவதற்கில்லை. ஊசித்துளை போன்ற வெடிப்பின் வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். விரலில் எறும்பு கடித்ததுபோல் ஒரு புள்ளி மட்டுமே தெரியும். வலியும் முதலில் அதிகம் இராது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்து வைத்தியரிடம் போனால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அன்றே, சில மணி நேரத்துக்குள், அறுவைச் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் போய், எண்ணெய் உள்ளே புகுந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கசிவைத் தேடும்போது கையால் தடவாமல் ஓர் அட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அடுத்தது, தூக்கி நிறுத்திய கருவியின் கீழ் எவரும் போகலாகாது. எண்ணெயின் பலம் வால்வு மூடியிருக்கும் வரையில்தான். விளையாட்டாக ஒரு குழந்தை நெம்புகோலைத் தொட்டாலும் கருவி விழும். வண்டியைவிட்டு இறங்கும்முன் கருவியைத் தரையில் இறக்குவதும், கத்தி மாற்றும்போது மரக்கட்டை முட்டுக்கொடுப்பதும் மாறாத வழக்கமாக வேண்டும். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி என்ஜின் ஓடும்போது சரிவில் நின்றாலும், என்ஜினை நிறுத்தியபின் உட்கசிவால் மெல்ல நகரக்கூடும்; ஆகவே கைப்பிரேக்கைப் போட வேண்டும். பழுதாகி நின்றால், எண்ணெய் சுற்றிவருவதற்குரிய புறவழி வால்வைத் திறக்காமல் கயிறு கட்டி இழுக்கக்கூடாது. திறந்தாலும் மெதுவாகச் சிறு தூரமே இழுக்கலாம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. சங்கத்தின் டிராக்டர்களை வாடகைக்கு விடும் இடங்களில் வண்டி ஓடிய மணியும், வசூலான தொகையும், டீசல் செலவும் ஒழுங்காகக் கணக்கில் ஏறுகின்றன. எண்ணெய் எப்பொழுது மாற்றப்பட்டது, பில்டர் எப்பொழுது மாற்றப்பட்டது, அன்று தொட்டியில் என்ன கண்டது என்பதற்குப் பெரும்பாலும் ஒரு வரிகூடக் கிடையாது. பலர் ஓட்டும் வண்டிக்கு இக்குறிப்பு சொந்த வண்டியைவிட அவசியம். எண்ணெய்க்கென்று மூடியுள்ள ஒரு தனிக் கேனும், நுண்வலையிட்ட ஒரு புனலும் வாங்குவதற்கு எந்த மேலதிகாரியின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. சேற்று வேலைக்குப் போய்வந்த வண்டியை, தோட்ட வேலைக்கு அனுப்புமுன் எண்ணெயைப் பாராமல் அனுப்பக்கூடாதென்று ஒரு விதி செய்வதும் நலம்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் வண்ணப்பூச்சையும் டயரையும் பார்த்து விலை பேசுகிறார்கள். கருவியை மாட்டி முழு உயரம் தூக்கி, என்ஜினை நிறுத்திவிட்டு, தரையிலிருந்து கருவியின் உயரத்தை ஒரு குச்சியால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பவருடன் காப்பி சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் அளந்து பாருங்கள். விரற்கடையளவு இறங்கியிருந்தால் மற்ற விஷயங்களைப் பார்க்கலாம். தரையைத் தொட்டிருந்தால் சிலிண்டர் சீலும் வால்வும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியானால் காலை வேளையில் பார்க்கவே வேண்டாம். மதியத்தில் போய், ஒரு மணி நேரம் வேலை செய்யவைத்து, எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின், ஏரிக்கரைச் சரிவில் ஏற்றச் சொல்லுங்கள்.